கடுகுப்பூச் செடியில் ஒரு பழம்

அக்கா தங்கை இருவரில் மூத்தவள் செடிகளை நம்புவாள், மனிதர்களை நம்பமாட்டாள். தன் நிழல் கொஞ்சம் பின்தங்கினால்கூட ‘எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்கக்கூடியவள். அன்று காலை தங்கள் நாற்றுப் பண்ணையின் தாய்ச்செடியில் ஒரு சின்னச் சிவப்புப் பழத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள்.

ஒரு பழத்துக்கா இவ்வளவு என்றால், ஆமாம். கடுகுப்பூச் செடி என்று அவர்கள் கூப்பிடும் அந்தப் புதர் மகோகனிக்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த உறவுக்காரர் மேஜை நாற்காலியாகிப் பெரிய மனிதராகிவிட்டார். இது ஆளுயரத்தோடு நின்று, கடுகு போல மஞ்சள் பூப் பூத்து, தேயிலைக்கு மணமூட்டிப் பிழைக்கிறது. பப்பாளியைப் போல இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பண்ணையில் இருக்கும் நானூறும் ஒரே பெண் செடியின் கிளைகள். பட்டையை மோதிரம் போலச் சீவி, ஈரப் பாசி வைத்துக் கட்டி, வேர்விட்ட பிறகு வெட்டி நட்டவை. பதினெட்டு வருஷத்தில் ஒரு பிஞ்சு பிடித்ததில்லை.

அப்படியானால் தேனீ பறக்கும் தூரத்தில் யாரோ ஆண் செடி வளர்க்கிறார்கள். இதன் பக்குவம் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தி இவள் தங்கை.

“என்னக்கா, விடிஞ்சதும் செடியை முறைச்சுக்கிட்டு நிக்கிறே?”

“ஒண்ணுமில்ல. இன்னைக்கும் பல் டாக்டர்கிட்ட போறியா?”

“ஆமா, புதன்கிழமையாச்சே.”

மூன்று வருஷமாகப் புதன்கிழமைதோறும் பல் வைத்தியம். வேர்க்கடலையைத் தோலோடு கடித்து உடைக்கிற பல்லுக்கு என்ன வைத்தியமோ! மூத்தவள் பழத்தைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தங்கை தனியாகப் போய்விட்டால் சண்டை போடக்கூட வீட்டில் ஆள் இருக்காது. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்தான் அவள் வேர்விட வைக்கும் மருந்து இருந்த அறையைப் பூட்டினாள், தங்கையின் போனை எட்டிப் பார்த்தாள், கடைக்குப் போனால் வாசலில் நின்று நேரம் பார்த்தாள்.

மத்தியானம் பின்னாலேயே போனாள். தங்கை பல் வைத்தியரின் படிக்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரம் அறுக்கும் மில்லைத் தாண்டி ஒரு தகரக் கதவைத் திறந்து உள்ளே போனாள். மூத்தவள் கதவில் கை வைக்கும் முன்பே வாசம் மூக்கைத் தொட்டது.

உள்ளே வெற்று மனை, ஒரு குழாய், சுவரில் சாய்த்த கடப்பாரை. நடுவே சிமெண்ட் தொட்டியில் ஒரே ஒரு கடுகுப்பூச் செடி. தங்கை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பல்லுக்கு வேர் விட வைக்கிறியாக்கும்!” மூத்தவள் கைக்குட்டையை அவிழ்த்துப் பழத்தை நீட்டினாள்.

தங்கை திடுக்கிட்டாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள். “உன் செடியிலேர்ந்து ஒரு கிளைகூட எடுக்கலக்கா. இது வெளியூர்ல வாங்கின ஆண் செடி, இந்த வருஷம்தான் பூத்துச்சு.”

“இடம்?”

“நான்தான் வாங்கினேன். தனியா பண்ணை போடலாம்னு.”

ஆயுசு முழுக்கச் சந்தேகப்பட்டதில் முதல் தடவையாக ஒன்று பலித்துவிட்டது. மூத்தவள் பழத்தை மறுபடி கைக்குட்டையில் முடிந்தாள். “அப்போ என்னை விட்டுட்டுப் போகப்போறே.”

“போகணும்னுதான் வாரா வாரம் வரேன். குழி வெட்டலாம்னு கடப்பாரையை எடுப்பேன். நீ தனியா உக்காந்து சாப்பிடறது கண்ணு முன்னாடி வந்து நிக்கும். தண்ணி ஊத்திட்டுத் திரும்பிடுவேன்.”

மூத்தவள் செடியைச் சுற்றி வந்தாள். இலைகள் சிறுத்திருந்தன. தொட்டியின் அடித்துளை வழியே வெளியே வந்த வேர்கள் மண் கிடைக்காமல் கறுத்துக் காய்ந்திருந்தன.

“இன்னொரு கோடை தாங்காதுடி இது. தெரிஞ்சவதானே நீ? யாருக்காக இப்படி அடைச்சு வெச்சிருக்கே?”

“உனக்காகத்தான்.”

மூத்தவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கடப்பாரையை எடுத்தாள். வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து, அழுதுகொண்டே குழி வெட்ட ஆரம்பித்தாள். முழங்கால் ஆழம் வந்ததும் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பார்த்துக்கிட்டு நிக்காதே. தொட்டியை உடை. மெதுவா உடை, வேர் அறுந்துடப் போகுது.”