முகமில்லாத ஆடு

கீழக்கரையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். ஆண்கள் கொழும்புக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்புகிற ஊரில் அது நல்ல ஏற்பாடுதான். போனவன் சரக்கோடு வந்தால் மதிப்பு. நஸீராவின் புருஷன் பாக்கர் போனது மதராஸுக்கு. கொண்டுவந்தது சாயம் படிந்த நகங்களை. ஊர் வாயை மூட உலை மூடியா இருக்கிறது? 'மாப்பிள்ளை பட்டணத்துல சுவருக்கு வெள்ளையடிக்கிறாராமே' என்று அக்கறையாகக் கேட்டவர்களும் உண்டு.

அவன் ஓவியன். கைத்தறித் துணிகளுக்கு டிசைன் போட்டுச் சோற்றுக்கு வழி பார்த்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் மிருகங்களை வரைந்தான். நீலக் காளை, மஞ்சள் குதிரை, பச்சைப் பூனை. எதற்கும் முகம் கிடையாது. மதராஸில் அதைப் புதுப் பாணி என்று கொண்டாடினார்களாம். நஸீரா அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வருகிறவன் வாயால் சொல்லக் கேட்டதோடு சரி. அவன் இல்லாத மாதங்களில் அவனுடைய சட்டையை எடுத்து முகர்ந்தால் சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாடைதான் அடிக்கும். அதுவும் போய்விடக்கூடாதே என்று அந்தச் சட்டையை வெளுக்கப் போடாமல் வைத்திருந்தாள்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லலாம் என்றால், அவளுடைய வாப்பா ஹாஜா முகைதீன் இருந்தார். உயிருள்ளதை வரைந்தவனிடம் மறுமையில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்பார்களே என்று பயப்படுகிற மனிதர். பிஸ்கட் டப்பா வந்தால், அதிலுள்ள கிளியின் தலையைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் அடுக்களைக்குள் விடுவார்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த பாக்கர் துணியில் சுற்றிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு நாள் அது பிரிக்கப்படாமல் கிடந்தது. மதராஸுக்குத் திரும்புகிற அன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் முன்கூடத்தில் இருந்தபோது பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். நஸீரா நடுவாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

மஞ்சளும் செம்மண் நிறமுமாக ஒரு வெளி. நடுவில் நீலமாக ஒரு பெரிய வளைவு. கீழே நான்கு கறுப்புக் கோடுகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக இரண்டு இதழ்கள்; அதில் ஒன்று நடுவே பிளந்திருந்தது.

அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவன் வரைந்து காயப்போட்ட தாளைத் தின்ற ஆடு. முள்வேலியில் மாட்டிக் காது கிழிந்ததால், ஊனம் உள்ளது பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் குர்பானிக்கு ஆகாது என்று தப்பிப் பிழைத்த ஆடு. 'என் படத்தைத் தின்னுட்டு அது பாட்டுக்கு நிக்குது பாரு' என்று அவன் சிரித்த சிரிப்பில்தான் அவளுக்கு அவன்மேல் முதன்முதலாக ஆசை வந்தது. அந்த ஆட்டை அவன் மறக்கவில்லை.

"நஸீரா ரூமுல மாட்டிக்கிறட்டுமா மாமா?" என்று கேட்டான் பாக்கர்.

வாப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நாம கட்டுற கொழும்புச் சாரத்துல இந்த மாதிரி டிசைன் வருது," என்றான் அவளுடைய அண்ணன் சலாஹுதீன். "விரிச்சுப் படுக்கலாம் போல இருக்கு மச்சான்."

பாக்கர் அதைக் காதில் வாங்கவில்லை. திரைப் பக்கம் திரும்பினான். "நஸீரா, நீ சொல்லு. இது என்னன்னு தெரியுதா?"

அவன் குரலில் ஒரு தவிப்பு இருந்தது. மதராஸே பாராட்டியிருக்கலாம், அவனுக்கு இந்தத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ஆடு என்றால் போதும். ஆனால் ஆடு என்று கூடத்தில் சத்தமாகச் சொன்னால் வாப்பா அதை நடுவாசலைத் தாண்டி உள்ளே விடுவாரா? அவனும் இல்லாமல், படமும் இல்லாமல், அடுத்த பெருநாள் வரைக்கும் வெறுஞ்சுவரையா பார்த்துக்கொண்டிருப்பது?

"பாய்மரம் மாதிரி தெரியுது," என்றாள்.

பாக்கர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சபைக்காகச் சிரித்தான். "பாய்மரம்தான்," என்றான். வாப்பா "மாட்டிக்கங்க" என்றார். சலாஹுதீன் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

எப்போது கிளம்பினாலும் பாக்கர் அவளுடைய அறைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவான். அண்ணன் ஆணி அடித்துவிட்டுப் போனதும் அவள் அங்கே போய்க் காத்திருந்தாள். காதோடு சொல்லிவிட வேண்டும், தெரிந்தது மச்சான், பார்த்ததுமே தெரிந்தது என்று. கூடத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வாரேன் மாமா." செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. தெருவில் அத்தனை ஆண்கள் நிற்கும்போது பின்னாலேயே ஓடிக் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்து நினைத்து அழுதாள்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்த வாப்பா அறை வாசலில் நின்றார்.

"ஏன் புள்ள பாய்மரம்னு சொன்ன?"

அவள் தலையைத் தூக்கினாள்.

"ஆடுன்னு எனக்கே தெரியுது. உனக்கா தெரியாது?" என்றார். "அவன் இப்படி வரையுறான்னு கேள்விப்பட்டப்பவே பள்ளிவாசல் ஆலிம்சாட்ட போய்க் கேட்டேன். மொகம் இல்லாட்டி வீட்டுல வைக்கலாம்னு சொன்னாரு. நானும் தலையைத்தானே சுரண்டுறேன், டப்பாவையா தூக்கிப் போடுறேன்? எனக்காகத்தான் அவன் மொகத்தை விட்டுட்டு வரையுறான். உன் வாயால ஆடுன்னு கேட்டாச் சந்தோசப்படுவான்னுதான் நான் பேசாம இருந்தேன்."

பஸ் இந்நேரம் ராமநாதபுரம் போயிருக்கும். போட் மெயில் ரயிலில் ஏறி, பொண்டாட்டிக்குக்கூட விளங்கவில்லையே என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அடுத்த பெருநாளுக்கு வருவானோ, மாட்டானோ.

"பாத்ததுமே தெரிஞ்சிச்சு வாப்பா," என்றாள். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் வாப்பாவிடம் சொல்லி என்ன பிரயோசனம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு என்னைய மதராஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவுகட்ட சொல்லணும்."

"நம்ம தெருவுல புருசன் பின்னாடி போன பொண்ணு கிடையாது, நஸீரா. வீடு உன் வீடு."

"தெரியும் வாப்பா."

வாப்பாவின் குரல் இறங்கியது.

"சொல்லிட்டுத் திரும்பி வந்துருவியா?"

ஒரே நாளில் இரண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.