நிறையப் பேர் இருக்காங்க

சீனாவின் செங்சோ நகருக்கு வெளியே, சோளக்காட்டை அழித்துக் கட்டிய இருபத்தாறு மாடிக் கட்டடத்தில் ருயிலான் மட்டும்தான் குடியிருந்தாள். கணவன் வேலைக்காகக் குவாங்சோவுக்குப் போய்விட்டான். வீட்டை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. பூட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

அன்று அவள் ஏறிய லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றுவிட்டது. மணியை அழுத்தினாள், கதவைத் தட்டினாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். போனில் சிக்னல் இல்லை. மூச்சு முட்டியது. யாருமே வரமாட்டார்கள் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து வெளியே பேச்சுக்குரல் கேட்டது. வீடு காட்ட வந்த தரகனும் அவனோடு ஒரு பெண்ணும்.

"பயப்படாதீங்க அக்கா, மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு," என்றான் தரகன்.

அந்தப் பெண் கதவிடுக்கில் வாய் வைத்துக் கேட்டாள். "அக்கா, என் பேரு ஹுவான். இங்க வீடு வாங்கலாம்னு வந்தேன். ஆளுங்க இருக்காங்களா? இவரு சொல்றத நம்ப முடியல."

தரகன் கனைத்தான். உண்மையைச் சொன்னால் ஹுவான் போய்விடுவாள் என்று ருயிலானுக்குத் தோன்றியது. இன்னொரு முறை இதற்குள் மாட்டிக்கொண்டால் கத்துவதைக் கேட்க ஒரு காதாவது வேண்டும்.

"நிறையப் பேர் இருக்காங்க. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க," என்றாள் ருயிலான்.

அடுத்த மாதம் ஹுவான் குடிவந்தாள். முதல் நாள் சாயங்காலமே ருயிலான் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வேலைக்குப் போனவங்க இன்னும் வரலையா அக்கா?"

ருயிலான் தலை நிமிரவில்லை. "உள்ள வா, நூடுல்ஸ் வெந்துட்டிருக்கு," என்றாள்.

ஹுவான் சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்: "இருந்த பணத்த எல்லாம் இந்த வீட்டுலயே போட்டுட்டேன், இனி என்னாலயும் இங்கேருந்து போக முடியாது. அடுத்து யாராவது வீடு பாக்க வந்தா கூப்பிடுங்க. நானும் கூட வந்து நின்னு, நிறையப் பேர் இருக்காங்கன்னு சொல்றேன்."