நனையாத தரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அந்த வாரம் முழுக்க மலையில் மூடுபனி இறங்கிக் கிடந்ததால், கோபம்கூடப் பாதித் தூக்கத்தில்தான் வந்தது. குமுளிக்கு மேலே, ஏலத்தோட்டத்தின் ஓரத்தில் என் வீடு. ஊற்றுத் தண்ணீர் கறுப்பு ஓஸ் குழாய் வழியாக இறங்கித் தொட்டியில் விழுகிற சத்தம் எந்நேரமும் கேட்கும். பனிக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டால் வீடே மெல்ல மிதந்து எங்கோ போவது போலிருக்கும்.

என் மகன் ரிஜின் போலந்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே மார்த்தா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேர் என்னவோ நம் மாதா கோயிலில் கூப்பிடுகிற பேர்தான், ஆள்தான் வேறு தேசம். இருவரும் முதல்முறையாகப் பத்து நாள் தங்க வருகிறார்கள் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி இறந்து ஆறு வருஷம். வீட்டில் நான் ஒற்றை ஆள். இந்த வீடு மருமகளுக்குப் பிடிக்காமல் போனால் மகனும் இனி இந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்று பயந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஹோம்ஸ்டே ஒன்றில் வேலை பார்க்கிற காளிச்சாமியிடம் யோசனை கேட்டேன்.

“வெள்ளக்காரவுகளுக்குக் கக்கூஸ்ல தண்ணியே ஆவாதுண்ணே. தரை நனைஞ்சா உள்ள கால் வைக்க மாட்டாக. எல்லாம் பேப்பருதான்” என்றான்.

முப்பது வருஷம் எஸ்டேட்டில் பைப் வேலை பார்த்தவன் நான். படுக்கையறையை ஒட்டி, வெள்ளை டைல் பதித்து, வெஸ்டர்ன் கக்கூஸ் ஒன்றை என் கையாலேயே கட்டினேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் வைத்துவிட்ட தண்ணீர்க் குழாயைக் கழற்றி, வாயை அடைத்து, மேலே டைல் ஒட்டினேன். வாளியும் கப்பும் பின்பக்கத்துப் பழைய கக்கூஸுக்குப் போயின. பேப்பர்ச் சுருள் பன்னிரண்டு வாங்கி அடுக்கினேன்.

மார்த்தா வந்தாள். டைலைத் தடவிப் பார்த்து, “அழகு” என்று தமிழில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் முட்டி போட்டு அந்தத் தரையைத் துடைத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மரவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டு, அரை டம்ளர் தேநீர், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ரிஜின் தயங்கித் தயங்கி வந்தான்.

“அப்பா, மிச்ச நாளைக்குக் குமுளில ஒரு ரூம் போட்டுக்கிடட்டா?”

“ஏலே, எஸ்டேட்காரன் வீடு உம் பொண்டாட்டிக்கு நாறுதாக்கும்?” என்று கத்தினேன்.

அடுத்த நாள் விடியற்காலை. பனிக்குள் ஏலச்செடிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு உருவம் நடந்து போனது. கனவோ என்று கண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். மார்த்தா! வழுக்கி வழுக்கி, பழைய கக்கூஸை நோக்கிப் போகிறாள். நான் கட்டியதை அவள் தொடக்கூட இல்லையா? ரிஜினை உலுக்கி எழுப்பினேன்.

“சண்டை போடாதீகப்பா. போலந்துல எங்க வீட்டுல மொத வாரமே கக்கூஸ்ல தண்ணிக் குழாய் வச்சேன். மொதல்ல சிரிச்சா. இப்பத் தண்ணியில்லாம அவளால முடியாது.”

“அந்த வாளியையும் கப்பையும் புதுசுக்குள்ள கொண்டு போறதுக்கு என்ன கேடு?”

“நீங்க தெனமும் முட்டி போட்டுத் துடைக்கீகள்ல! ஒரு சொட்டு விழுந்தாலும் உங்களுக்கு ஆவாதுன்னு நெனச்சிட்டா. பழைய கக்கூஸ்ல குத்தவச்சு உக்காந்தா அவளுக்கு முட்டி வலிக்கு. அதான் சாப்பாட்டையே குறைச்சிட்டா. சொன்னா நீங்க சங்கடப்படுவீகன்னு என் வாயையும் அடைச்சிட்டா.”

மாதாவே! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டு, நான் தரை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உளியும் சுத்தியலும் எடுத்தேன். முதல் அடியிலேயே டைல் விரிசல் விட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த மார்த்தா, நான் கோபத்தில் உடைக்கிறேன் என்று பயந்து, “வேண்டாம், அப்பா, வேண்டாம்!” என்றாள். அடைப்பைத் திருகி எடுத்தேன். ஊற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு சுவர், தரை, என் சட்டை, அவள் பாதம் என்று எல்லாவற்றையும் நனைத்தது. அவள் குனிந்து துணியைத் தேடினாள்.

“நனையட்டும் தாயி. நல்லா நனையட்டும்” என்றேன்.

நான் சொன்னதை ரிஜின் அவள் மொழியில் சொன்னான். அவள் துணி தேடுவதை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரிலேயே நிமிர்ந்து நின்றாள். பிறகு வயிற்றில் கைவைத்து, எழுத்துக்கூட்டுகிற குழந்தையாக மெதுவாகச் சொன்னாள்.

“பசிக்குது, அப்பா.”