மூன்றாவது ஊசி

சுவாதிக்குக் காது கேட்காமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சிறுநீரகத்தில் தொற்று என்று ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த வாரம், பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை. வயது ஆறு.

ஊசி போட்ட கிளினிக்மீது வழக்குப் போடுவதென்று சுவாதியின் அப்பா அசோக் ஒற்றைக்காலில் நின்றான். ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவன், கோபக்காரன். அன்று மரபணு ரிப்போர்ட் வாங்க மனைவி அம்பிகாவோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் வக்கீலின் நம்பரைச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

டாக்டர் இராமலிங்கம் ரிப்போர்ட்டைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு பேசினார்.

"நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சக்தி தயாரிக்கிற சின்னச் சின்ன உறுப்பு இருக்கும்மா. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அதுக்குத் தனியா கொஞ்சம் மரபணு உண்டு. உங்க பொண்ணுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. சும்மா இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா சில ஆன்டிபயாடிக் ஊசி உள்ள போனா உள்காது செத்துரும்."

"யாருகிட்டேருந்து சார் வந்துச்சு?" என்றான் அசோக்.

"அது அம்மா வழியா மட்டுந்தான் வரும்."

அம்பிகாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "எனக்கு நல்லா கேக்குதே சார்."

"உங்களுக்கு அந்த ஊசி போட்டிருக்க மாட்டாங்க. கிளினிக் டாக்டருக்கும் இது தெரிய வழியில்ல. எல்லாருக்கும் போடுற ஊசிதான்."

அன்று கிளினிக்கில் மாத்திரைதான் முதலில் எழுதினார்கள். மாத்திரையெல்லாம் வேண்டாம், ஊசியே போட்டுருங்க என்று கேட்டவள் அம்பிகா. அதைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"உங்கம்மா வழியில வேற யாருக்காவது காது போச்சா?"

"கண்ணையன் மாமாவுக்கு. அம்மாவோட தம்பி. டி.பி.க்கு ஊசி போட்டப்ப போயிருச்சும்பாங்க."

டாக்டர் குறித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி, வெற்றிச்செல்வி. இப்பத்தான் ஆம்பளப் புள்ள பொறந்து அஞ்சு நாள் ஆவுது. கொழந்தைக்கு ரத்தத்துல கிருமின்னு அரியலூர்ல பெட்டியில வச்சிருக்காங்க."

டாக்டரின் பேனா நின்றது. "என்ன மருந்து போவுது?"

அவளுக்கு எப்படித் தெரியும்? அரியலூரில் குழந்தையோடு இருந்த தங்கை கணவன் தமிழரசனுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததும் டாக்டர் போனை வாங்கி, நர்ஸிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் தெளிவாக வந்தது.

"ஜென்டாமைசின் சார். ஒரு நாளைக்கு ஒண்ணு. இப்பத்தான் மூணாவது போட்டுட்டு வரேன்."

சுவாதிக்குப் போட்ட அதே வகை ஊசி. அசோக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியாத மாதிரி அப்படியே நின்றான். நேற்றைக்கே வந்து ரிப்போர்ட்டை வாங்கியிருக்கலாம். பஸ் கூட்டம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

டாக்டர் அரியலூரில் குழந்தைகள் டாக்டரிடம் பேசினார்; உடனே மருந்தை மாற்றினார்கள். தொற்று சரியாகிக் குழந்தை வீட்டுக்கு வந்தான். மூன்றாம் மாதம் அம்பிகாவும் அசோக்கும் கூட வர, டாக்டர் இராமலிங்கத்திடம் கொண்டுவந்து பரிசோதித்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை.

வெற்றிச்செல்வி அழவில்லை. "ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல் ஊசியே போதும்மா சில பேருக்கு. எதுல போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்பிகா கணவனிடம் சொன்னாள். "ஊசி போடச் சொன்னது நான்தாங்க."

அசோக் அவள் பக்கம் திரும்பினான். "நான் இருந்திருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்" என்றான். அதற்குப்பின் வழக்குப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

சுவாதிக்கு ஆபரேஷன் செய்து, உள்காதில் கேட்கவைக்கும் கருவி பொருத்தினார்கள். முதன்முதலாக அதை இயக்கிய நாளில் வெற்றிச்செல்வியும் மகனோடு வந்திருந்தாள். அம்பிகா மெதுவாக, "சுவாதி" என்றாள். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா தகரம் மாதிரி பேசுற?"

அம்பிகா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வெற்றிச்செல்வி மகனை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"இவனுக்கு எப்ப சார் வைக்கலாம்?"

"ஒரு வயசு ஆவட்டும்" என்றார் டாக்டர்.