சாப்பாட்டு மேசை, ஆக்கிரமிப்பு

அமெரிக்கா எந்தெந்த நாட்டுக்குள் என்னென்ன சாக்குச் சொல்லி நுழைந்தது என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரலாறு. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் போடும் சொல்லடைவு மட்டும் சீட்டுக்காரர் வேலை. அவருக்குக் கணினியில் நம்பிக்கை கிடையாது. பெயருக்கு ஒரு சீட்டு எழுதி அகர வரிசையில் பரப்பி வைப்பார். அச்சகத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை, அதுவும் ரெண்டே நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தார். ஹவாய் அத்தியாயம் வந்ததும் இன்னொரு மூலை தேவைப்பட்டது. பிலிப்பைன்ஸ் வந்தபோது உப்பு ஜாடி ஜன்னலுக்குக் குடிபெயர்ந்தது. வியட்நாமோடு மேசை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. மூன்று வாரமாக வீட்டில் தட்டு மடியில்தான்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. மேசை வேணும்" என்றாள் மனைவி.

"நிலைமை கொஞ்சம் சீராகட்டும்மா. இப்ப எடுத்தா எல்லாம் குழம்பிடும்."

"இதையேதான் நூத்தி நாப்பதாம் பக்கத்துல ஒரு தளபதி சொல்றாரு."

சீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ இதைப் படிச்சியா?"

"மேசை இல்லாதவ வேற என்ன பண்றது?"

"நம்ம குடும்பத்து நல்லதுக்குத்தானே நான்..."

"அது இருநூத்தி ரெண்டு."

சனிக்கிழமை வரை ஒரு சீட்டும் நகரவில்லை. பேசிப் பயனில்லை என்று கண்ட மனைவி, ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவர் பாணியிலேயே எழுதினாள்: 'சாப்பாட்டு மேசை: ஆக்கிரமிப்பு, 3 வாரம், வெளியேறுவதாக வாக்குறுதி, 5 முறை'. அகர வரிசை பிசகாமல் சிலி நாட்டுச் சீட்டுக்கு முன்னால் வைத்தாள். கண்ணில் பட்டால் உறைக்கட்டும் என்று.

பட்டது. உறைக்கவில்லை. ஞாயிறு காலை மச்சானின் வண்டி வாசலில் வந்து நிற்க, அவர் பரபரவென்று சீட்டுகளை அடுக்கினார். வரிசை தப்புகிறதா என்று முதலெழுத்தை மட்டும் பார்ப்பது முப்பது வருடப் பழக்கம். 'சா', அப்புறம் 'சி'. சரியாக இருந்தது. கட்டு அப்படியே அச்சகம் போனது. மச்சான் மேசையில் சாப்பிட்டார்.

புத்தகம் வெளிவந்த மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரத்தில் நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"சொல்லடைவுல சாப்பாட்டு மேசைன்னு ஒண்ணு இருக்கே?"

சீட்டுக்காரர் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"புத்தகத்துல எங்க வீட்டம்மா படிச்சது அந்த ஒரு வரிதான். ஆறு வருஷமா நான் எழுதினது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலதான். அது தன் மேசைதான்னு நினைச்சு, பக்க எண் ஏன் போடலைன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா. அது கிடக்கட்டும், ரெண்டாம் பாகம் தயார். எண்ணூறு பக்கம். நீங்கதான் செய்யணும்."

"செஞ்சிடலாம். ரெண்டே நாள்..." என்றார் சீட்டுக்காரர், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

அவள் தலை நிமிரவில்லை. மூலையில் இருந்த தன் தட்டை மட்டும் மேசையின் நட்டநடுவுக்கு நகர்த்திக்கொண்டாள்.