கொதிநீரில் போடவும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மேற்பார்வையாளர் வேலை தர, மேலாளர் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். புதிதாகச் சேருகிறவர்களுக்காகச் சலவை முறையை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவார்களாம். இத்தனை வருஷம் அவள் கைவேலையைப் பார்த்தவர்களுக்குத் திடீரென்று காகிதம் வேண்டியிருந்தது.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. மதிய இடைவேளையில் போய், துணிமூட்டைகளுக்கு நடுவே அம்மாவையும் இஸ்திரிக்கார அக்காவையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். எழுவாய், பயனிலை, முன்னுரை, முடிவுரை. அம்மா அரைமணி நேரம் வியர்த்து, ‘துணி வெள்ளை’ என்று எழுதிப் பேனாவை மூடினாள்.

“துணிக்கு என்னம்மா ஆச்சு? வாக்கியத்த முடி.”

“முடிஞ்சிருச்சுடி. அதான் வெள்ளையாயிருச்சுல்ல.”

அக்கா சிரித்த சிரிப்பில் சாய்ந்திருந்த மூட்டையே சரிந்தது.

வீட்டுக்குத் திரும்பிய மகளுக்குத் தன்மேலேயே எரிச்சல். பள்ளியில் எதைச் சொல்லித் தன் கழுத்தை அறுத்தார்களோ, அதையே அம்மாவிடம் நீட்டியிருக்கிறாள். வாயைத் திறந்தால் நாலு வார்டுக்குக் கேட்கிற அம்மா, பேனாவைத் தொட்டால் மட்டும் ஏன் ஊமையாகிறாள்?

மறுநாள் அவளே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக. முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள்.

“ரத்தம் பட்ட விரிப்பைக் கொதிநீரில் போடவும்.”

அம்மா சோற்று டப்பாவைக் கீழே வைத்தாள். “எந்த மடையன் எழுதினது?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“சுடுதண்ணில போட்டா கறை வெந்து ஒட்டிக்கும்டி. முதல்ல பச்சத் தண்ணில ஊறப் போடணும்.”

“அப்ப திருத்து. இல்லன்னா இதத்தான் சுவத்துல ஒட்டுவாங்க.”

அம்மா பேனாவைப் பிடுங்கினாள். வரியின் மேல் கோபமாக ஒரு கோடு. அதன் கீழே கோணல்மாணலாக, ஆனால் தலையும் வாலும் உள்ள ஒரு முழு வாக்கியம்.

மகள் அடுத்த வரியை வாசித்தாள். “டாக்டர் கோட்டை அப்படியே இயந்திரத்தில் திணிக்கவும்.”

“திணிப்ப, திணிப்ப. பாக்கெட்ல ஊசி இருந்து குத்துச்சுன்னா உன் மாமியாரா வந்து மருந்து போடுவா?” அக்கா காகிதத்தை இழுத்தாள். “நீ நகரு, இது என் வரி.”

மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் ஒரு பேனாவுக்கு அடித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமைக்குள் பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்கும் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேலாளர் அதைப் படித்தார். பிறகு, துணைக்கு வந்திருந்த மகளைப் பார்த்தார்.

“பொண்ணு டிகிரி படிச்சிருக்காமே?”

மகளின் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. அம்மா அவள் காலை அழுத்தி மிதித்தாள்.

“இஸ்திரி மெஷினப் பத்தி ஏதாவது தப்பா சொல்லுங்க சார். உங்க முன்னாடியே எழுதறேன்.”

“தப்பா எப்படிம்மா சொல்றது?”

“உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க சார், போதும்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “விரிப்ப நல்லா மொறுமொறுன்னு காயவெச்சு, அப்புறம் மெஷின்ல விடணும்.”

அம்மா மேசை ஓரத்திலேயே குனிந்து எழுத ஆரம்பித்தாள். லேசான ஈரம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. இல்லாவிட்டால் சுருக்கம் போகாது என்று ஒரு வரி. ஈரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் விதம் மூன்று வரி. மேலாளர் எட்டி எட்டிப் படித்தார்.

“சரி சரி, போதும்மா. திங்கட்கிழமைலேருந்து நீங்கதான் மேற்பார்வை.” காகிதத்துக்குக் கை நீட்டினார்.

அம்மா நிமிரவே இல்லை. “இருங்க சார், இன்னும் முடியல.”