பதினோரு வருஷம் நார்மல்

பாதுகாப்பு வாரம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் தேசிகன் உத்தமனுக்கு மெமோ கொடுத்தார். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மார்ச் மாதம். அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் இருந்த அந்த சர்க்கார் தொழிற்சாலையின் வாசலில் ‘செவியைக் காப்போம்’ என்று கன்னடத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். தகடு வெட்டும் பிரஸ் ஷாப் ஆட்கள் இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு ஜோடி ரப்பர் அடைப்பானைக் காதில் செருகச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அடைப்பான்களைத் திரும்ப வாங்கிக் கழுவி, பர்சனல் மேனேஜர் தேசிகனின் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. அடுத்த முறை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும்வரை அவை அங்கேதான் தூங்கும். மறுநாள் காலை மெமோ வந்தது.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்து மூன்று முறை ஹாரன் அடித்தும் உத்தமன் வேண்டுமென்றே வழி விடவில்லை, வண்டியைத் திருப்பியதில் தகட்டு அடுக்கு சரிந்தது, உம்மை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? மெமோவின் சாரம் அவ்வளவுதான். வேண்டுமென்றேயாம்! இருபத்திரண்டு வருஷம் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தகடு வெட்டியவனுக்கு ஹாரன் எங்கே கேட்கும்? வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதில் ஏதோ தூரத்து இரைச்சல்தான் மிச்சம். எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் அவன் இத்தனை காலமும் பேச்சு வார்த்தை நடத்தி வந்தான்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடை மாடியில், காது மந்தமானவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அதை நடத்துகிற அல்போன்சா டீச்சருக்கே நாற்பது வயதில் காது போனது. அவர் மெமோவைப் படித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான்கு வருஷத்துக்கு முன்னால் சட்டம் வந்திருக்கிறது. சர்க்கார் வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் ஆளை வெளியே அனுப்ப முடியாது, அதே சம்பளத்தில் வேறு வேலைதான் தர வேண்டும். ‘காது கேட்காது என்று நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்’ என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

அந்த ஒன்றைத்தான் உத்தமன் பதினோரு வருஷமாகச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு முறை காது சோதனை உண்டு. முதலுதவி அறையில் பிளைவுட்டில் ஒரு கூண்டு. உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே நர்ஸ் சௌம்யா பெட்டியின் பொத்தானை அழுத்த, உள்ளே இருப்பவன் சத்தம் கேட்டதும் விரலைத் தூக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். சௌம்யாவின் வலது தோள் அசைவதைப் பார்த்து விரலைத் தூக்கினால் போதும், காது எதற்கு? சட்டம் வருவதற்கு முன்னால், நாராயணசாமி என்று ஒருவர் அந்தச் சோதனையில் தோற்று, ‘தகுதியற்றவர்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதைப் பார்த்த பயத்தில் உத்தமன் கண்டுபிடித்த வித்தை இது. தான் மட்டும் தப்பித்தால் போதாது என்று பிரஸ் ஷாப் முழுக்கச் சொல்லியும் கொடுத்தான். அவன் மனைவி எல்லம்மாவின் தம்பி சீனுவுக்கும் அவன்தான் குரு. சீனுவுக்கு முப்பத்தி நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள், கான்ட்ராக்ட் வேலை.

மெமோ மீதான விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் சீனு நீலசந்திராவில் இருந்த உத்தமனின் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, காது கேக்கலன்னு தாராளமா சொல்லு. ஆனா அந்தக் கண்ணாடி விஷயத்த மட்டும் சொல்லிடாத. நீ பர்மனன்ட், ஒனக்கு சட்டம் இருக்குது. கான்ட்ராக்ட் ஆளுங்க எங்க ஆறு பேருக்கு என்னா இருக்குது? கேட் பாஸ புடுங்கினா கத முடிஞ்சிது.”

“சொல்லமாட்டன்டா. நான் என்னா கூறுகெட்டவனா?” என்றான் உத்தமன். எல்லம்மாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் தேசிகனின் அறையில் நர்ஸ் சௌம்யாவும் பைலோடு உட்கார்ந்திருந்தாள். தேசிகன் பேசும்போது டீ டம்ளரை உதட்டருகே வைத்துக்கொண்டே பேசினார். உத்தமனுக்குப் பாதி வார்த்தை டீயோடு போயிற்று.

“சார், டம்ளர கொஞ்சம் எறக்கிட்டுப் பேசுங்க சார். எனக்குக் காது கேக்காது.”

தேசிகன் சௌம்யாவைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டேளா? நேத்து வரைக்கும் கேட்ட காது, மெமோ வந்தவுடனே போயிடுத்தாம்.” பைலைப் பிரித்து உத்தமன் பக்கம் தள்ளினார். “என்ன எழுதியிருக்கு பாரு. எண்பத்தெட்டுலேருந்து பதினோரு வருஷம். நார்மல், நார்மல், நார்மல். இதெல்லாம் பொய்யா?”

“பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க சார். அங்க டெஸ்ட் பண்ணட்டும்.”

“எங்க நர்ஸ் எழுதினது போறாதாக்கும்? கம்பெனி செலவுல ஊர் சுத்தணுமோ?”

“நான் நிஜமாவே நல்லாத்தான் டெஸ்ட் பண்ணேன் சார், எவரி இயர்” என்றாள் சௌம்யா, யாரோ தன்னைக் குற்றம் சொன்ன மாதிரி.

தேசிகன் எழுந்து உத்தமனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே என்ன சொன்னாரோ, உத்தமனுக்குத் தெரியாது. எதிரே சௌம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவது மட்டும் தெரிந்தது. தேசிகன் முன்னால் வந்தார்.

“பலே! திட்டினாக் கூடத் திரும்ப மாட்டேங்கறான். என்னமா நடிக்கறான் பாருங்கோ. இவனை மாதிரி ஆளுங்களாலதான் நிஜச் செவிடனுக்கு எதுவும் கிடைக்கறதில்லை.”

உத்தமனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. காது போனதற்குக்கூட அவன் இவ்வளவு கொதித்ததில்லை. பதினோரு வருஷம் கேட்கிற மாதிரி நடித்தபோது ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொன்னால் நடிப்பு என்கிறார்கள். சீனுவின் முகம் மனசில் வரத்தான் வந்தது. அதை அவன் ஒதுக்கித் தள்ளினான்.

“வாங்க சார் அந்த ரூமுக்கு. நீங்களே கண்ணால பாருங்க.”

முதலுதவி அறையில் அவனே கூண்டுக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். சௌம்யா பெட்டியின் ஸ்விட்சைத் தட்டினாள். தோள் அசைந்தபோதெல்லாம் விரல் எழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. தேசிகன் வெற்றிச் சிரிப்போடு பைலை மூடப் போனார். உத்தமன் வெளியே வந்து, சுவரில் ஒட்டியிருந்த ‘செவியைக் காப்போம்’ நோட்டீஸைக் கிழித்து, கண்ணாடி ஜன்னலை மறைத்து ஒட்டினான். திரும்பக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

சௌம்யா அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டி அழுத்தினாள். குமிழைக் கடைசி எண்வரை திருப்பியும் அழுத்தினாள். தேசிகன் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தபோது, ஹெட்ஃபோனை மீறி வெளியே கேட்ட அந்தச் சத்தத்துக்கும் இமைகூட அசையாமல், உத்தமன் முழங்காலில் கைகளை வைத்தபடி மரப்பலகையை வெறித்துக்கொண்டிருந்தான். சௌம்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வெளியே வந்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். “என்னா சார், நடிக்கிறனா? இப்ப சொல்லுங்க!” என்று கத்தினான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தேசிகன் கோபப்படவில்லை. உத்தமனுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தை நேரே வைத்து, நிதானமாகப் பேசினார். “சரிப்பா, ஒத்துக்கறேன். சட்டத்தை மீற முடியாது. உன்னை ஸ்டோர்ஸுக்கு மாத்தறேன், அதே சம்பளம்.” பிறகு சௌம்யாவின் மேஜையிலிருந்த மற்றப் பைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “பிரஸ் ஷாப்ல இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டும் நார்மல். பேஷ். சௌம்யா, அந்தக் காகிதம் அப்படியே இருக்கட்டும். திங்கட்கிழமை எல்லாரையும் திரும்ப உக்கார வையுங்கோ. கான்ட்ராக்ட் ஆளுங்களை முதல்ல.”

“சார், அவங்க வாணாம் சார். அவங்க பாவம் சார்” என்றான் உத்தமன். குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. தேசிகன் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆறு கான்ட்ராக்ட் ஆட்களில் ஐந்து பேர் தேறவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் அவர்களுடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். ‘கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை’ என்று ஒரு வரிதான், காது என்ற பேச்சே அதில் இல்லை. சீனு கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே போகிற உத்தமனைப் பார்த்துக் காறித் துப்பினான். உத்தமன் ஸ்டோர்ஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எல்லம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு எழுந்தாள். அவன் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

“சொல்லமாட்டன்னு என் எதுருலதானே சொன்ன? என் தம்பி வயித்துல அடிச்சிட்டு நீ வேலைக்குப் போயிட்டு வந்திருக்கிற.”

“அந்தாளு என்ன நடிகன்னு சொன்னான்டி. நான் என்னா பண்ணுவன்?”

அவள் முகவாயிலிருந்து கையை எடுத்தாள். அடுப்பின் பக்கம் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். தோள் குலுங்கியது, கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது. வெகு நேரம் பேசினாள்.

“என்னா சொல்ற? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுடி” என்றான் உத்தமன்.

அவள் பேச்சை நிறுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை.